பாடு யாருக்கு?

பழவேற்காடு பக்கம் போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் கோட்டை கட்டிய ஊர். ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்று மீனவ கிராமங்கள். அங்கே ‘பாடு’ என்று ஒரு வார்த்தை புழங்குகிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். பலசாலி மட்டும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் தடுக்கிற நல்ல ஏற்பாடு.

ஆனால், பாடு எழுதப்படுவது ஆண்கள் பேரில். கூடையைத் தூக்கிக்கொண்டு போய் விற்று, விற்காததைக் கருவாடாக்கி, வீட்டுக் கடனை அடைப்பது பெண்கள். பாடுபடுவது அவள், பாடு அவனுக்கு!

ஏரியை விடுங்கள். வடசென்னையின் கானா மேடைக்கு வாருங்கள். அங்கேயும் இதே கணக்குதான்.

கானா சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. ராத்திரி முழுக்க ஆண்கள் வெளியே கானா பாடுவார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். இரண்டுமே பாட்டுதான். ஆனால், வெளியே பாடியவருக்கு மேடை கிடைத்தது, கேசட் கிடைத்தது, சினிமா கிடைத்தது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ கானா உலகநாதனை ஊரறியச் செய்தது. 2012-ல் ‘அட்டகத்தி’ கானா பாலாவைத் தூக்கிவிட்டது. சந்தோஷம். உள்ளே பாடியவள்? உள்ளேயே இருந்தாள்.

“பொம்பளைக் குரலுக்கு கானா செட் ஆகாது சார்” என்பார்கள். காசிமேட்டு ஏலத்தில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். மைக் இல்லாமல் நூறு பேரை அடக்குகிற குரல் யாருடையது? “ராத்திரி நேரம், குடிச்சிட்டு வருவானுங்க, அதான்...” என்பார்கள். விடியாத இருட்டில் மீன் எடுக்கப் போகிறவளுக்கு இருட்டு ஆகும், பாடப் போகிறவளுக்கு ஆகாதா?

இந்தச் சாக்குகளையெல்லாம் ஒரு பெண் தாண்டி வந்தார். ராயபுரம் இசைவாணி. சின்ன வயதிலிருந்தே மெல்லிசை மேடைகளில் பாடியவர். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. 19 பேர். அதில் பெண், இவர் ஒருவர்தான். ஒருத்தியைச் சேர்த்ததற்கு அந்தக் குழுவைப் பாராட்டலாம். 18 பேருக்கு நடுவே ஒரே ஒருத்தியாக அவரை நிறுத்தியது, அந்தக் குழுவை மட்டும் சேர்ந்த குற்றம் இல்லை. நம் எல்லோருடையதும்!

2020-ல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணியைச் சேர்த்தது. உடனே நாமும் எழுந்து நின்று கை தட்டினோம். லண்டனில் இருந்து சொன்னால்தானே ராயபுரம் நம் காதில் விழுகிறது!

நான்கே வருடம். 2024 நவம்பரில், சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றி அந்தக் குழு சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டைத் தோண்டி எடுத்தார்கள். போலீஸில் புகார்கள். சமூக வலைதளங்களில் வசவும் மிரட்டலும். பாட்டு பிடிக்கவில்லையா, விமர்சியுங்கள், உங்கள் உரிமை. ஆனால், அது குழுவின் பாட்டு. கல் மட்டும் ஏன் அந்த ஒருத்தியைத் தேடி வந்தது? கை தட்டிய கூட்டம் அப்போது எங்கே போயிருந்தது? நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் எங்கே இருந்தேன்?

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. ஜமைக்காவில் ‘டான்ஸ்ஹால்’ என்று ஒரு தெரு இசை உண்டு. ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, ஓடுகிற இசைக்கு மேலே பாட்டும் பேச்சுமாக வெளுத்து வாங்குவார்கள். அப்படிப் பாடுகிறவரை அங்கே ‘டீஜே’ என்பார்கள். நம்ம கானாக்காரருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆம்பளைக் கோட்டைக்குள் முதலில் நுழைந்த பெண்களில் ஒருவர் சிஸ்டர் நான்சி. 1982-ல் அவர் பாடிய ‘பாம் பாம்’ உலகம் முழுக்க ஓடியது. சினிமாவில் வந்தது. பெரிய பெரிய பாடகர்கள் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். காசு? வரவில்லை. அவர் அமெரிக்காவில், நியூஜெர்ஸியில் ஒரு வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தார். 2014-ல் ஒரு ஷூ விளம்பரத்தில் தன் குரலையே கேட்ட பிறகுதான் வக்கீலைப் பிடித்தார். உரிமையில் பாதி கைக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து!

‘முதல் பெண்’ என்கிற பட்டம் கொடுப்பது நமக்கு ரொம்ப சுலபம். செலவே இல்லை. ஆனால், முதல் பெண் என்று ஒருத்தியைக் கொண்டாடுகிறோம் என்றால், அதுவரை மற்ற எல்லோரையும் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம் என்றுதான் அர்த்தம். அவருக்குப் பின்னால் பத்தாவது பெண் வந்து, அது செய்தியே இல்லை என்று ஆகிற அன்றைக்குத்தான் கை தட்ட வேண்டும்.

உங்கள் தெருவில் அடுத்த மாதம் திருவிழா வருகிறதா? கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்தவர் இருப்பார். “டூயட்டுக்கு ஒரு பொண்ணு” என்று கச்சேரி பேசாமல், கானா பாடுகிற ஒரு பெண்ணைத் தலைமைப் பாடகியாகக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆணுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுக்கச் சொல்லுங்கள். பாடி முடித்து அவள் வீடு போய்ச் சேர வண்டியும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பாடு என்றால் முறை. இத்தனை காலம் அவர்கள் பட்ட பாடு போதும். இனி அவர்கள் முறை!