தூணிலிருந்து தொடங்குவோம்

"பல்லவர்கள் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். புத்தகத்தைத் திறவுங்கள்." ஐந்தாம் வகுப்பில் நம் ஊர் வரலாற்றை நாம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறோம். புத்தகம் திறக்கிறது, பிள்ளைகளின் மனமோ மூடிக்கொள்கிறது. கோயிலும் தறியும் நிறைந்த ஊரில் வளரும் குழந்தைக்கு வரலாறு கசக்கிறதென்றால், குற்றம் குழந்தையுடையதன்று.

ஒரு கேள்வியோடு தொடங்கிப் பார்ப்போமே. "எதிரி நாட்டு அரசன் ஒருவன் படையுடன் வந்து நம் ஊரைப் பிடித்துவிட்டான். கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைகிறான். அங்கே பெருஞ்செல்வம் இருக்கிறது. என்ன செய்திருப்பான்?" கொள்ளையடித்திருப்பான் என்றே வகுப்பு முழுவதும் கூவும். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன், 642-இல், நம் நரசிம்மவர்மன் அந்த அரசனின் முன்னோர் ஆண்ட வாதாபியைப் பிடித்தவன் என்று சொல்லிவிட்டால், கூச்சல் இன்னும் பெருகும். அப்போது சொல்ல வேண்டும்: சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தியன் (733–744) அச்செல்வத்தைக் கோயிலுக்கே திரும்பக் கொடுத்தான், அதைக் கன்னட மொழியில் அக்கோயிலின் மண்டபத் தூணிலேயே பொறித்தும் வைத்தான். ஏன் கொடுத்தான்? விடையை நாம் சொல்லாமல் விடுவதே நல்லது. "ஊரார் மெச்சட்டும் என்று கொடுத்திருக்கலாமே, சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டால் அவளை அடக்க வேண்டா. வரலாற்று அறிஞர்கள் கேட்பதும் அதைத்தான்.

கத்தோலிக்கப் பள்ளியில் கோயில் கதையா என்று தயங்குவோரும் உண்டு. மறைக்கல்விக்குத் தனி வேளை இருக்கிறது. இது நம் ஊரின் கதை. பாடத்தை முடிக்க நேரமில்லை என்போரும் உண்டு. பல்லவர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் காத்திருந்தவர்கள். இன்னும் ஒரு நாள் காத்திருப்பார்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ச் சிற்பங்களில், பன்னிரண்டு வயதில் அரசேற்க அழைத்துவரப்பட்ட இரண்டாம் நந்திவர்மனின் கதை இருக்கிறது. "நீ போயிருப்பாயா?" என்று கேட்டாலே போதும்.

எனினும் எல்லாவற்றிலும் அரிய தொடக்கம் வீட்டிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. நெய்பவர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையாகவே இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பின்னும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. பள்ளிக்கு வர வேண்டிய வயதில் தறியடியில் உட்கார்ந்த அந்தப் பிள்ளைகளை அரசர் வரிசை சொல்லும் பாடத்தில் காண முடியாது. ஆனால் நம் மாணவியரில் சிலருடைய பாட்டிமாரே அந்தப் பிள்ளைகளாக இருந்திருக்கக் கூடும்.

ஆகவே பாடத்திற்கு முந்தின நாள் ஒரே ஒரு வீட்டுவேலை கொடுப்போம். "பாட்டி, உங்கள் காலத்தில் கோர்வைக்கு யார் உட்கார்ந்தார்கள்?" என்று கேட்டு வரட்டும். பெற்றோரே, வெட்கப்பட்டு அதை மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பாட்டி வகுப்புக்கே வர இசைந்தால் இன்னும் நல்லது. கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.