ஒரே கடவுளிடம் இரண்டு அணிகள்: கன்சாஸ் கற்றுத்தரும் பாடம்

2009-ம் ஆண்டு மே 31-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரின் லூத்தரன் தேவாலயம் ஒன்றில் காலை ஆராதனை நேரம். வாசல் கூடத்தில் நின்று, வருவோரை வரவேற்கும் பணியில் இருந்தார் டாக்டர் ஜார்ஜ் டில்லர். அவரை நெருங்கிய ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். அங்கேயே டாக்டர் மாண்டார்.

டில்லர் கருக்கலைப்பு மருத்துவமனை நடத்தியவர். கருவுற்றுப் பல மாதம் கடந்த பின்னரும் அச்சிகிச்சையைச் செய்துவந்த மிகச் சில டாக்டர்களில் ஒருவர். பிறக்காத குழந்தைகளைக் காப்பாற்றவே சுட்டதாகக் கொலையாளி கோர்ட்டில் கூறினான். 2010-ல் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கருக்கலைப்பை எதிர்க்கும் பெரிய அமைப்புகளும் கத்தோலிக்க ஆயர்களும் இந்தக் கொலையைக் கண்டித்தார்கள். ஆனாலும் கேள்வி நின்றுவிட்டது. உயிர் புனிதமானது என்று ஜெபிக்கும் ஒரு நாட்டில், ஜெப வீட்டுக்குள்ளேயே ஓர் உயிர் பறிக்கப்பட்டது எப்படி?

இதை ஆத்திகர், நாத்திகர் சண்டை என்று நினைத்தால் தவறு. இரு தரப்பிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். 1967-ல் நியூயார்க் நகரில் பாதிரியார்களும் யூத குருமார்களுமாக 21 பேர் கூடி, சட்டம் தடுத்த காலத்திலேயே பெண்களை நல்ல டாக்டர்களிடம் அனுப்பிவைக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். இன்று கடும் எதிர்ப்புக் காட்டும் தெற்கு பாப்டிஸ்டு சபை, 1971-ல் சில காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. 1973 ஜனவரி 22-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் பெண்ணின் உரிமை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே தலைநகர் வாஷிங்டனில் எதிர்ப்பு ஊர்வலம் தொடங்கியது. 1984-ல் ஜனாதிபதி ரீகன் அந்த ஜனவரி 22-ஐ மனித உயிரின் புனித நாளாக அறிவித்தார். அன்று முதல் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் பல சபைகள் இதற்கெனத் தனி ஜெபம் செய்கின்றன.

நடுத்தெருவில் ஜெபம்

1991 கோடையில் விச்சிட்டாவே போர்க்களமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வெளியூர்களிலிருந்து வந்து, மருத்துவமனை வாசல்களை மறித்து உட்கார்ந்து ஜெபித்தார்கள், பாடினார்கள். ஆறு வாரங்களில் 2,600-க்கு மேற்பட்ட கைதுகள் நடந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் மனச்சாட்சிக்காகச் சிறை சென்றவர்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சிகிச்சைக்கு வந்த பெண் அந்தக் கூட்டத்தைக் கடந்து செல்லவேண்டி இருந்தது. அவளுக்கு அந்த ஜெபம் ஆறுதலாக இருந்திருக்குமா, மிரட்டலாக இருந்திருக்குமா? 1993-ல் டில்லரின் இரு கைகளிலும் குண்டு பாய்ந்தது. அப்போது அவர் பிழைத்தார்.

ஓட்டுப்பெட்டி சொன்னது

2022 ஜூன் 24-ல் சுப்ரீம் கோர்ட்டு தனது பழைய தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. பத்துக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏறக்குறைய முழுத் தடை கொண்டுவந்தன. ஆகஸ்டு 2-ல் கன்சாஸ் மக்கள் ஓட்டுப்போட்டார்கள். மாநில அரசியல் சட்டம் கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கிறது என்று 2019-ல் மாநில சுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. அதை மாற்றும் திருத்தமே மக்கள் முன் வைக்கப்பட்டது. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் திருத்தத்துக்காகப் பெருந்தொகை செலவிட்டன. 2020-ல் டிரம்புக்கு 56 சதவீத ஓட்டுக் கொடுத்த மாநிலம் அது. திருத்தம் எளிதில் வெல்லும் என்று பலரும் எண்ணினார்கள். நடந்தது வேறு. சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

கன்சாஸ் மக்கள் ஒரே நாளில் கோயிலை விட்டு விலகிவிடவில்லை. கருக்கலைப்பு தவறு என்று நினைப்பவர்கூட, அந்த முடிவைப் போலீசும் கோர்ட்டும் எடுப்பதை விரும்பாமல் இருக்கலாம். தன் மனதுக்குச் சரியெனப் படுவதை அடுத்த வீட்டுப் பெண் மீது சட்டமாகச் சுமத்தலாமா என்ற தயக்கம் பக்தி உள்ளவருக்கும் வரும்.

பிறந்த பின்பு?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2020-ல் இதே திருத்தம் சட்டசபையில் தோற்றபோது, அது நிறைவேறும் வரை ஏழைகளுக்கான மருத்துவ உதவியை விரிவாக்கும் மசோதாவை நகரவிடுவதில்லை என்று மாநில செனட் தலைமை நிறுத்திவைத்தது. அரசுப் பணம் கருக்கலைப்புக்குப் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த விரிவாக்கத்தைக் கன்சாஸ் 2024 முடியும் வரை ஏற்கவில்லை.

நாட்டு நிலையும் இப்படித்தான். 1993-ம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கத் தாய்க்குக் கிடைப்பது 12 வார விடுப்பு. அதுவும் சம்பளம் இல்லாமல். 2022-ல் அங்கு ஒரு லட்சம் பிரசவத்துக்கு சுமார் 22 தாய்மார் இறந்தனர். கறுப்பினப் பெண்களிடையே இது 49-க்கு மேல். கர்ப்பிணிகளுக்குத் துணியும் பாலும் தரும் உதவி இல்லங்களைக் கிறிஸ்தவர்கள் ஏராளமாக நடத்துகிறார்கள். அது நல்ல தொண்டு. ஆனால் பிரசவச் செலவும் சம்பள விடுப்பும் தொண்டில் அடங்குவன அல்ல.

நம் நாட்டில் 1971-லேயே கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அது தேர்தல் பிரச்சினை ஆகவில்லை. 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பும் சட்டத்தில் உண்டு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எட்டுவதில்லை என்பது நம் குறை. பிறருக்குப் புத்தி சொல்லும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை.

சிகாகோ கார்டினல் பெர்னார்டின் 1983-லேயே ஒரு வழி சொன்னார். கரு, தூக்குமேடைக் கைதி, போரில் சிக்கியவன், வறுமையில் வாடுபவன் எல்லோர் உயிரையும் ஒரே தராசில் வையுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2018-ல் போப் பிரான்சிஸ் மரண தண்டனையை ஏற்கமுடியாது என்று திருச்சபைப் போதனையிலேயே சேர்த்தார். இதை இரு கட்சிகளுமே முழுமையாக ஏற்கவில்லை. ஒரு கட்சிக்குக் கருவின் உயிர் மட்டும் வசதி. மற்றொன்றுக்கு அதைத் தவிர மற்றவை வசதி.

ஜெபம் நாட்டைப் பிளக்கவில்லை. ஜெபத்தைக் கட்சிக் கொடியாக்கியதுதான் பிளந்தது. தன் எதிரியின் உயிருக்காகவும், பிறந்துவிட்ட குழந்தையின் பாலுக்காகவும் சேர்த்து மன்றாடும் நாளில்தான், உயிர் புனிதம் என்ற சொல்லை எதிர்த்தரப்பும் காதுகொடுத்துக் கேட்கும்.