காற்றுக்கு மதில் கட்டுவோர்

கடலோர மதுக்கூடம் ஒன்றின் கூரையையும் தூணையும் கதிரையையும் பற்றி ஓர் அரசியல் வார ஏட்டில் எழுத வேண்டுமா என்று புருவத்தை உயர்த்துவோர் நம்மிடையே இருப்பர். குடி குடியைக் கெடுக்கும் என்பதை நாமும் அறிவோம். குடிக்குமாறு எவரையும் இங்கே அழைக்கவில்லை. ஆனால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நமது கரைகளில் உல்லாசப் பயண விடுதிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவ்விடுதிகளிலே கடலுக்கு மிக அண்மையில், மணலை ஒட்டி அமைவது, விருந்தினர் மாலைப் பொழுதில் அமர்ந்து பானம் அருந்தும் கூடமேயாகும். கரையை முதலில் தொடுவது அக்கூடம். கரையை முதலில் அடைப்பதும் அதுவே. ஆகவே அது எவ்வாறு கட்டப்படுகின்றது என்பது குடிப்பவனின் கவலை மட்டுமன்று. அது கரைவலை இழுப்பவனின் கவலை. பனை வளர்ப்பவனின் கவலை. வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியியலாளரின் கவலை.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர், கிழக்கிலே பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் விடுதிகள் வரிசையாக எழுந்தன. வடக்கிலும் இன்று திட்டங்கள் பேசப்படுகின்றன. தொழில் வருவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் வருகின்ற கட்டடங்களுட் பல, எங்கோ வேறொரு கரைக்கு வரைந்த படத்தைத் தூக்கிவந்து நமது மணலில் நட்டவை போல நிற்கின்றன. முன்னே கண்ணாடிச் சுவர், உள்ளே குளிரூட்டி, சுற்றிலும் மதில். அதற்குப் பெயர் மட்டும் ‘திறந்தவெளி’! காற்றை விலைகொடுத்து வெளியேற்றிவிட்டு, மின்சாரத்தை விலைகொடுத்துக் காற்றுச் செய்யும் இந்த மேதாவித்தனத்தை என்னென்பது?

திசை அறியாமை ஒன்றே இவர்களின் அறிவுக்குப் போதிய சான்று. இத்தீவின் மேற்குக் கரையிலே சூரியன் கடலில் மறைகின்றது. அங்கே மாலைக் கூடம் மேற்கு நோக்கி இருப்பது பொருத்தம். கிழக்குக் கரையிலோ சூரியன் கடலில் உதித்து, வயல்களுக்கும் வாவிகளுக்கும் அப்பால் நிலத்திலே மறைகின்றது. மாலை வெயில் இங்கே முதுகுப் புறத்தால் வரும். உல்லாசப் பயணிகள் கிழக்கை நாடி வரும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில், மட்டக்களப்பு உழவன் நன்கறிந்த கச்சான் காற்றும் அதே மேற்கிலிருந்து அனலாய் வீசும். ஆகவே கிழக்குக் கரைக் கூடத்துக்கு மேற்கே கனத்த சுவரும் மர நிழலும் வேண்டும். கிழக்கே கடலை நோக்கித் தடையேதும் இருத்தலாகாது. மேற்குக் கரைப் படத்தை அப்படியே எடுத்துவந்து, கடற்பக்கத்தில் கண்ணாடியும் தரைப்பக்கத்தில் திறப்பும் வைத்தால், விருந்தினனுக்குக் கிடைப்பது கச்சானும் வெயிலுமே. பின்னர் ‘இந்நாட்டில் குளிரூட்டி இன்றி இருக்க முடியாது’ என்று அறிக்கை விடுவார்கள். குற்றம் நாட்டினுடையதா? படத்தினுடையது!

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மக்கள் நாம். யாழ்ப்பாணத்து மீனவனிடம் கேட்டால் எந்த மாதத்தில் எந்தக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்வான். காரைநகர்க் கசூரினாக் கடற்கரை வடக்கு நோக்கியது. ஆகவே மார்கழி வாடை நேரே முகத்தில் அறையும். அங்கே கட்டும் கூடத்துக்கு வடபுறத்தில் கழற்றி மாட்டக்கூடிய தட்டிகள் வேண்டும். கிடுகுத் தட்டி கட்டத் தெரிந்தவனுக்கு இது பாடமன்று. பட்டம் பெற்ற கட்டடக் கலைஞருக்கோ இது ஏனோ பாடமாகவில்லை.

இத்தீவில் கடலோரக் கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லையா? உண்டு. கொழும்பிலே காலிமுகத் திடலின் தென்கோடியில், 1864ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோல் பேஸ் ஹோட்டலின் கடலோர முற்றத்தைப் பாருங்கள். சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைத் தரை, மேலே வானம், எதிரே கடல். வேறு அலங்காரம் அங்கே தேவைப்படவில்லை. அதன் பின் ஜெப்ரி பாவா வந்தார். 1967 முதல் 1969 வரையில் பெந்தோட்டையிலே அவர் அமைத்த விடுதி, கருங்கல் அடித்தளத்தின் மேல் உயர்ந்து, நடுவே நீர்த்தடாகமும் முற்றமும் கொண்டு, காற்று ஊடுருவிச் செல்லும் கூடங்களோடு நின்றது. அதன் வரவேற்புக் கூடத்தின் விதானத்தை எனா டி சில்வா பத்திக் துணிகளால் அமைத்தார். அண்மையில் அவ்விடுதி புதுப்பிக்கப்பட்டபோதும் அவ்விதானம் மீண்டும் செய்து வைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காலி லைற்ஹவுஸ் விடுதியில், கொந்தளிக்கும் கடலுக்கு எதிரே நீண்ட விறாந்தையை அவர் நீட்டிவைத்தார், அவ்வளவே. கடலை அழகுபடுத்த அவர் முயலவில்லை; கடலைப் பார்ப்பவனுக்கு நிழல் கொடுத்தார்.

இந்தச் சாதனையில் தமிழனுக்குப் பங்கில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். 1967 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பாவாவின் பங்காளராக இருந்து, அவர் கற்பனைகளைக் கல்லிலும் கொங்கிறீற்றிலும் நிற்கச் செய்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் அவர்கள். மற்றவர்களின் கரைகளில் இத்தகைய கட்டடங்கள் நிமிர்ந்து நிற்பதற்குத் தமிழ்ப் பொறியியலாளரின் கணக்கு உதவிற்று. நமது கரையில் மட்டும் கண்ணாடிப் பெட்டியா?

பாவா கைக்கொண்ட வித்தை வானத்திலிருந்து விழுந்ததன்று. முற்றமும் விறாந்தையும் தாழ்ந்த இறவாரமும் இத்தீவின் பழைய வீடுகள் யாவற்றுக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பாருங்கள். நடு முற்றத்தால் சூடு மேலே போகும். தலைவாசலால் காற்று உள்ளே வரும். தெருவோரத்துச் சங்கடப்படலை, வழிப்போக்கன் இளைப்பாறுவதற்கென்றே கூரை வேய்ந்து அமைத்தது. பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. தெரு நடுவே செல்ல, இருபுறமும் திண்ணையும் தூண்களும், மேலே ஒரே கூரை. கடற்காற்று வீசும் ஊரில், பொதுமக்கள் அமர்வதற்குச் சுவரின்றிக் கட்டிய கூடம் அது! இதைவிடச் சிறந்த ‘திறந்தவெளிக் கூடம்’ எந்தச் சஞ்சிகையில் இருக்கின்றது? அதில் ஒரு சிறப்பையும் கவனியுங்கள். அம்மடம் தெருவை மறிக்கவில்லை. தெருவைத் தன்னூடாகப் போகவிட்டது.

இன்னுமொன்றையும் சொல்லிவிடுவோம். பனங்கூடலின் நிழலிலே, கிடுகுக் கொட்டிலின் கீழ், பிளாவில் கள் வார்த்துக் குடிக்கும் தவறணையைக் கண்டால் நமது கனவான்கள் மூக்கைப் பொத்துவார்கள். அதே ஓலைக் கூரையையும் அதே மணற்றரையையும் விடுதிக்காரன் படியெடுத்து, வெளிநாட்டுப் போத்தல்களை அடுக்கி, மங்கலான விளக்கை மாட்டிவைத்தால், அதற்கு ‘உல்லாசம்’ என்று பெயர்! நமது கள்ளிறக்கும் தொழிலாளியின் பானம் அந்த மேசையில் ஏறாது; அவனுடைய கொட்டிலின் வடிவம் மட்டும் ஏறும். ஓலையை எடுத்துக்கொண்டு ஓலை முடைந்தவளை வாயிலில் நிறுத்தும் இந்தக் கலையை நாம் கலை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

உட்புற அமைப்புக்கு வருவோம். உப்புக் காற்று எவருடைய பணத்தையும் மதிப்பதில்லை. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பை உப்பு எட்டினால், இரும்பு துருவேறிப் பருத்துச் சீமெந்தைப் பிளக்கும். பஞ்சு திணித்த ஆசனங்கள் ஈரத்தை உறிஞ்சி நாறும். கண்ணாடியை நாள்தோறும் துடைக்க வேண்டும். வைரம் பாய்ந்த பனங் கைமரமோ நமது பாட்டன்மாரின் கூரையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது. பீலி ஓடு மழையைத் தள்ளும். மினுக்கிய சீமெந்துத் தரை வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரையில் முதுகுக்கும் காற்றுப்படும். பழையன யாவும் நல்லவை என்பது நம் வாதமன்று. பாவாவும் கல்நார்த் தகட்டின் மேல் ஓடு பரப்பியவரே. அந்தக் கல்நார் உடலுக்குக் கேடு என்பதை இன்று உலகம் அறியும். எது இந்த வெயிலுக்கும் உப்புக்கும் நிற்கும் என்று சோதித்து எடுப்பதே அறிவு. பனையை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பது சட்டம். அது நல்ல சட்டம். அனுமதி பெற்று வெட்டிய ஒவ்வொரு முதிர்ந்த மரத்துக்கும் ஈடாகப் பல விதைகளை ஊன்றும் கமக்காரனுக்கு, நிலையான வாடிக்கைக்காரனாக விடுதிக்காரன் வரட்டும். ஓலையும் நாரும் பாயும் ஒடியலும் அவனிடமிருந்து வாங்கப்படட்டும்.

விளக்கிலும் நிதானம் வேண்டும். உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளில் 5 வகை இத்தீவின் கரைகளில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவிலே வெளிச்சமான திசையைக் கடலென்று நம்பி ஓடும். கடலை நோக்கிப் பெருவிளக்கைப் பாய்ச்சும் கூடம் அவற்றைத் தெருவுக்கு அழைக்கின்றது. தாழ்ந்த, மறைப்பிட்ட விளக்கு குடிப்பவனுக்குப் போதும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விடயத்துக்கு வருகிறோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயம் என்கின்றது. அங்கே கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம்மை விழுங்கிய பின்னர், மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் அத்தடை இருந்த காலத்திலேயே உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மீனவனின் குடிசைக்கு ஆபத்தான நிலம், மதுக்கூடத்துக்கு மட்டும் எவ்வாறு பாதுகாப்பானதாயிற்று? அலைக்கு ஆள் தெரியுமா?

அலை எதற்கு வழிவிடும் என்பதைப் பொறியியலாளர் அறிவர். தூண்களின் மேல் சுவரின்றி நிற்கும் கூடத்தினூடாக நீர் புகுந்து போகும். நீண்ட மதிலோ நீரின் முழு வேகத்தையும் நெஞ்சில் ஏந்திச் சாயும். கடலின் முன் எழுப்பிய கற்சுவர் அலையைத் திருப்பியடித்துத் தன் முன்னுள்ள மணலையே அரித்துவிடும். திறந்து கட்டுவது அழகுக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் மணலுக்காகவுமே.

மதில் அடைப்பது காற்றை மாத்திரமன்று, வழியையும் அடைக்கின்றது. கரைவலைக்குப் பாடு வேண்டும். தோணி ஏற்ற இடம் வேண்டும். வலை உலர்த்த மணல் வேண்டும். வாடிக்குப் பாதை வேண்டும். தலைமுறையாக நடந்த ஒழுங்கையின் குறுக்கே இரும்புப் படலை வந்துவிட்டால், மீனவன் அயலூரைச் சுற்றிக்கொண்டுதான் தன் கடலுக்குப் போக வேண்டும். விருந்தினன் ரசிப்பதற்குக் கடல். அதில் உழைப்பவனுக்குக் காவலாளி! இது நாகரிகமா?

‘பயணிகள் குளிரைக் கேட்கிறார்கள், பாதுகாப்பைக் கேட்கிறார்கள்’ என்று விடுதிக்காரர் கூறுவர். உறங்கும் அறையில் குளிரூட்டி இருக்கட்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பனிநாட்டின் பூட்டிய அறையை விட்டுப் பல்லாயிரம் மைல் கடந்து வருபவன், இங்கும் பூட்டிய அறையையா தேடி வருகிறான்? அவன் தேடுவது காற்றையும் நிழலையுமே. அவை நம்மிடம் இலவசமாக உள்ளன.

ஆகவே நமது பிரதேச சபைகளுக்குக் கூறுகிறோம்: கடற்கரைக் கட்டடப் படம் உங்கள் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காற்று எப்பக்கத்தால் வந்து எப்பக்கத்தால் போகும்? மீனவன் எவ்வழியால் கடலுக்குப் போவான்? இதன் கூரையிலும் தரையிலும் மேசையிலும் இவ்வூரான் உழைப்பு எவ்வளவு? மூன்றுக்கும் விடையில்லாத படத்தைத் திருப்பியனுப்புங்கள். தமிழ்ப் பொறியியலாளர்களே, கட்டடக் கலைஞர்களே! விடையில்லாத படத்தில் உங்கள் கையொப்பம் விழலாகாது. கமக்காரரே, மீனவரே! படம் மன்றத்துக்கு வரும் நாளில் நீங்களும் மன்றத்துக்குப் போங்கள். ஒழுங்கையை அடைத்தபின் அழுது பயனில்லை.

தெருமூடிமடத்தைக் கட்டியவன் தெருவுக்கு வழிவிட்டுக் கூரை போட்டான். கடலோரத்தில் கூரை போட வருபவன் கடலுக்கு வழிவிட்டுப் போடட்டும். அவ்வாறு போடுபவனை வரவேற்போம். மறுப்பவனுக்கு நமது மணலில் ஒரு தூண் நடவும் இடமில்லை.