வேட்டை நாய்க்கு யார் காவல்?

ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் பெயர் சியரா மொரேனா.

குளிர்காலம். காலை நேரம். மலையடிவாரத்தில் ஒரு லாரி வந்து நிற்கிறது. உள்ளே இருபதுக்கு மேற்பட்ட நாய்கள். ஒரே குரைப்பு!

லாரிக்காரர் இறங்குகிறார். கதவை உடனே திறந்து விடவில்லை. முதலில் ஒரு மூட்டையை அவிழ்க்கிறார். மூட்டைக்குள் சட்டைகள். மனிதர் போடும் சட்டை அல்ல. நாய்ச் சட்டை!

கனமான துணியில் தைத்த சட்டை அது. கழுத்தையும் நெஞ்சையும் விலாவையும் மூடும். நாயை இறக்கி, கால்களை நுழைத்து, முதுகில் வாரை இழுத்துக் கட்டுகிறார். இழுத்துப் பார்க்கிறார். விரல் நுழைகிறதா என்று சோதிக்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தாய் பொத்தான் போடுவது போல அத்தனை கவனம்.

ஆனால் ஏழெட்டு நாய்களுக்குத்தான் இந்தச் சட்டை. மற்ற நாய்கள் வெறும் உடம்போடு காட்டுக்குள் பாய்கின்றன.

ஏன் இந்த வித்தியாசம்?

இதே கேள்வி ஸ்பெயின் பார்லிமெண்டு வரை போயிற்று. 2023-ம் ஆண்டில் அந்த நாடு பிராணிகள் நலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டு நாய்க்கு அந்தச் சட்டம் காவல் நிற்கிறது. வேட்டை நாயை வெளியே நிறுத்திவிட்டது!

சங்கு ஊதும் வேட்டை

இந்த வேட்டைக்கு "மொன்டெரியா" என்று பெயர். அக்டோபர் நடுவில் தொடங்கும். பிப்ரவரி வரை நடக்கும். காட்டுப்பன்றியும் மானும்தான் குறி.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காட்டின் ஒரு பகுதியைச் சுற்றி வரிசையாக நிற்பார்கள். அவரவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. நடுக்காட்டில் நாய்களை அவிழ்த்து விடுவார்கள். புதருக்குள் பதுங்கியிருக்கும் மிருகத்தை நாய்கள் கிளப்ப வேண்டும். அதுதான் அவற்றின் வேலை.

நாய்க்கூட்டத்துக்கு "ரெஆலா" என்று பெயர். ஒரு கூட்டத்தில் இருபது நாய்களுக்கு மேல் இருக்கும். பெரிய வேட்டை என்றால் பல கூட்டங்கள் வரும். நாய்க்காரர் நாய்களோடு நாயாகக் காட்டுக்குள் நடப்பார். இடுப்பில் கத்தி. கையில் சங்கு. ஆம், கடலில் கிடைக்கும் அதே சங்குதான்! அதை ஊதினால் மலை முழுதும் கேட்கும். வேட்டை முடிந்தது, திரும்பி வாருங்கள் என்று நாய்களுக்கு அது உத்தரவு.

தென்பகுதி மக்களுக்கு இது பரம்பரை வழக்கம். அந்தலூசியா மாகாணம் 2022-ல் இதைத் தன் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்தது.

தந்தம் என்னும் கத்தி

ஆண் பன்றியின் கீழ்த்தாடையில் இரண்டு தந்தங்கள் உண்டு. அவை மேல்தாடைத் தந்தங்களோடு உரசிக்கொண்டே இருக்கும். கத்தியைச் சாணை பிடிப்பது போலத்தான். சாகிற வரை கூர் மழுங்காது.

பன்றி முட்டும்போது தலையைத் தாழ்த்தி, மேல்நோக்கி வெட்டும். நாயின் கழுத்தும் நெஞ்சும் தொடையும் அந்த வீச்சில் அகப்படும். வெளியே பார்த்தால் விரல் நீளக் கீறல்தான் தெரியும். உள்ளே சதை கிழிந்து பையாகத் தொங்கும். நெஞ்சில் துளை விழுந்தால் இன்னும் ஆபத்து. வெளிக்காற்று உள்ளே புகும். நுரையீரல் சுருங்கிவிடும். நாய் மூச்சுக்குத் திணறும்.

அதற்குத்தான் கவசச் சட்டை. போலீசார் அணியும் குண்டு துளைக்காத சட்டையில் "கெவ்லார்" என்ற நூல் சேர்ப்பார்கள். நல்ல நாய்க் கவசத்திலும் அந்த நூல் உண்டு. தந்தம் அதில் பட்டால் வழுக்கிப் போகும். முட்டின அடி வலிக்கும். ஆனால் எளிதில் கிழியாது.

அப்படியானால் எல்லா நாய்க்கும் போட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கவசம் போட்டால் சூடு உள்ளேயே தங்கும். அக்டோபரில் அந்தப் பக்கம் வெயில் இன்னும் குறைந்திருக்காது. கவசத்தோடு ஓடுகிற நாய் சூடு ஏறியே செத்துப் போகலாம். வார் தளர்ந்திருந்தால் கிளையில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட நாய் பன்றிக்குச் சுலபமான இரை!

ஆகவே நாய்க்காரர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். கூட்டத்தில் இரண்டு வகை நாய்கள் உண்டு. "பொதெங்கோ" போன்றவை மெலிந்தவை, வேகமானவை. மோப்பம் பிடித்துக் கிளப்பிவிட்டு எட்டி நின்று குரைக்கும். "அலானோ" போன்றவை முரட்டு நாய்கள். பன்றியின் காதைக் கவ்விப் பிடித்து நிறுத்தும். பிடிக்கிற நாய்க்குக் கவசம். ஓடுகிற நாய்க்கு வேகமே கவசம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் இன்னொரு எண்ணும் ஒளிந்திருக்கிறது. அதுதான் விலை. நல்ல கவசம் நூறு யூரோ அளவுக்கு வருகிறது. இருபது நாய்க்கு இரண்டாயிரம் யூரோ! நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை அதைவிட விலை அதிகம். பொதெங்கோவுக்குக் கவசம் போடாதது அதன் வேகத்துக்காகவா, பணத்துக்காகவா என்பது நாய்க்காரரின் மனத்துக்குத்தான் தெரியும்.

கல்லும் முள்ளும்

பன்றியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நாயைத் தினமும் கெடுப்பது தரைதான்.

சியரா மொரேனாவில் பாறைப் பலகைகள் விளிம்பு தெரிய நிற்கும். அதன் மேல் நாய் நாள் முழுதும் ஓடினால் பாதத்தின் தோல் உரிந்து போகும். தோல் உரிந்த நாய் தரையில் கால் ஊன்றாது. துணிக் காலணி மாட்டிப் பார்த்தவர்கள் உண்டு. பாறையிலும் புதரிலும் அது கழன்றுவிடுகிறது.

அனுபவசாலிகள் செய்வது வேறு. வேட்டைக் காலத்துக்குப் பல வாரம் முன்பே நாயை நடக்கப் பழக்குகிறார்கள். முதலில் மண் பாதை. பிறகு சரளை. பிறகு பாறை. பாதம் மெல்ல மெல்லக் காய்த்துப் போகும். கோடை முழுதும் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்த நாயை முதல் நாளே மலையில் விடுகிறவருக்கு எந்தக் காலணியும் உதவாது.

அப்புறம் முள். அப்புறம் புல்லின் கூர்மையான கதிர்த் துணுக்கு. இது காதுக்குள்ளோ விரல் இடுக்கிலோ புகுந்தால் பின்னால் வராது. முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும்! ஆகவே சாயங்காலம் ஒவ்வொரு நாயின் காதையும் விரல் இடுக்கையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். இருபது நாய் என்றால் நூற்றுக்கணக்கான விரல் இடுக்குகள். களைத்துப் போன மனிதர் எத்தனை பார்ப்பார்?

காயம் பட்டால் காட்டிலேயே தைக்கிறார்கள். நாம் காகிதத்துக்கு ஊசி அடிப்போமே, அதைப் போன்ற கருவியால் தோலைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். ரத்தம் நிற்கும். ஆனால் அழுக்கும் மயிரும் உள்ளே இருக்க மேலே மூடினால் சீழ் வைக்கும். சுத்தமான உப்பு நீரால் நன்றாகக் கழுவிய பிறகே மூட வேண்டும். குடல் வெளியே வந்திருந்தால் கையால் உள்ளே தள்ளவே கூடாது. சுத்தமான ஈரத்துணியைச் சுற்றி, வைத்தியரிடம் ஓட வேண்டும். வலிக்கிறதே என்று மனிதர் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்தால் அதுவே விஷம். இபுப்ரொஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வெற்றியின் சந்தோஷத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. செத்த பன்றியின் பச்சை இறைச்சியை நாய்க்கு வீசுவது! பன்றியின் உடம்பில் "ஔஜெஸ்கி" என்ற நோயின் கிருமி இருக்கலாம். மனிதரை அது பாதிப்பது மிக அரிது. நாய்க்கு வந்தாலோ சில நாளில் சாவு. மருந்து இல்லை. தந்தத்துக்குத் தப்பிய நாய் பரிசாகக் கிடைத்த துண்டால் சாகிறது.

பார்லிமெண்டில் நடந்தது

சட்டத்துக்கு வருவோம்.

சமூக உரிமை மந்திரி இயோனே பெலாரா இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாயைக் கவனிப்பாரின்றி 24 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, கடையில் வைத்து விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் விதிகள். எல்லா நாய்க்கும் ஒரே விதி என்பது அவர் பக்கத்தின் எண்ணம்.

கிராமத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 2022 மார்ச் 20 அன்று விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் தலைநகர் மாட்ரிடில் ஊர்வலம் போனார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம்! அவர்களுக்கு வேறு குறைகளும் இருந்தன. உரம் விலை, டீசல் விலை எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஆட்சியில் இருந்தவை இரண்டு கட்சிகள். பெரிய கட்சியான சோசலிஸ்டு கட்சி யோசித்தது. அதன் தலைவர்கள் சிலர் அப்போது வேட்டை நடக்கும் மாகாணங்களை ஆண்டவர்கள். 2023 மே மாதம் மாகாணத் தேர்தல் வேறு காத்திருந்தது. வேட்டை நாயை விலக்கி வையுங்கள் என்று அந்தக் கட்சியே திருத்தம் போட்டது. கூட்டாளிக் கட்சி ஆத்திரப்பட்டது. ஆனால் எதிர்க்கட்சிகளின் ஓட்டும் சேர்ந்து திருத்தம் வென்றது. 2023 மார்ச்சில் சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 29-ல் அமலுக்கு வந்தது.

வேட்டை நாயோடு ஆட்டு மந்தையைக் காக்கும் நாயும் போலீஸ் நாயும் வெளியே நின்றன. உழைக்கும் நாய்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. சும்மா இருக்கும் நாய்களுக்கு உண்டு. வேடிக்கைதான்!

வேட்டை நாய்க்குச் சட்டமே இல்லை என்று சொல்லக் கூடாது. அதே சமயத்தில் குற்றச் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். பிராணியை வதைத்துக் கொன்றால் 12 முதல் 24 மாதம் வரை சிறை. வேட்டை நாயை வதைத்தாலும் சிறைதான். மாகாணங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. ஆனால் குற்றச் சட்டம் வருவது நாய் வதைபட்ட பிறகு. வதைபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது நலச் சட்டம். அதைத்தான் இவற்றுக்கு மறுத்துவிட்டார்கள்.

வேட்டைக்காரர் சொல்வதென்ன?

"நாய் எங்கள் கை, கால் மாதிரி. அதை நாங்கள் கெடுப்போமா? நகரத்தில் உட்கார்ந்து எழுதிய சட்டம் எங்களுக்கு எதற்கு?" என்பது அவர்கள் வாதம்.

இதைத் தள்ளிவிட முடியாது. லாரிக்காரர் வாரில் விரல் விட்டுப் பார்த்தாரே, அந்த அக்கறையை எந்தச் சட்டமும் கற்றுக்கொடுக்கவில்லை. நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மந்திரிக்குத் தெரியாது.

ஆனால் எல்லா நாய்க்காரரும் அவரைப் போலவா? ஸ்பெயினில் நாய், பூனைக் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. 2023-ல் மட்டும் 2,80,000-க்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அங்கே வந்து சேர்ந்தன. வேட்டைக் காலம் முடிந்ததால் கைவிடப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்காகவே நகரங்களில் ஊர்வலம் நடக்கிறது. முயல் வேட்டைக்கு வளர்க்கும் "கால்கோ" என்ற ஒல்லி நாயைத் தங்களோடு கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

நல்ல நாய்க்காரர் ஏற்கெனவே செய்வதைத்தான் சட்டம் எல்லாரிடமும் கேட்டிருக்கும். கூடு சுத்தமாக இருக்க வேண்டும், காயத்துக்கு வைத்தியம் வேண்டும், கணக்கு இருக்க வேண்டும். இதில் நல்லவருக்கு என்ன நஷ்டம்? மந்தையும் கூட்டமுமாக வாழும் நாய்க்கு வீட்டு நாயின் விதி சில இடங்களில் பொருந்தாது என்பது உண்மை. அப்படியானால் அதற்கென்று தனி அத்தியாயம் எழுதியிருக்கலாம். வாசலைச் சாத்தியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

எத்தனை நாய்கள் காட்டுக்குள் போயின, எத்தனை திரும்பின, எத்தனை தைக்கப்பட்டன என்று வேட்டைக்கு வேட்டை எழுதி வைக்கச் சொன்னாலே பாதி வேலை முடியும். சுட்ட பன்றிகளை எண்ணி எழுதுகிறார்களே!

பொழுது சாயும்போது சங்கு ஊதுகிறது. நாய்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சில நொண்டுகின்றன. லாரிக்காரர் கவசத்தைக் கழற்றி, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். ரத்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். எண்ணுகிறார். ஒன்று குறைகிறது. மறுபடி ஊதுகிறார்.

இருட்டிவிட்டால் ஒரு பழைய வழக்கம் உண்டு. காலையில் நாயை அவிழ்த்த அதே இடத்தில் தம் மேல்கோட்டைக் கழற்றித் தரையில் விரித்துவிட்டுப் போவார்கள். எஜமானின் வாசனையைத் தேடி நாய் வரும். அதன் மேல் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் அவர் திரும்பி வந்து பார்ப்பார்.

ஜி.பி.எஸ். வாங்க முடியாதவர்கள் இன்றும் கோட்டைத்தான் விரிக்கிறார்கள்.