கதவைச் சாத்தினார்கள், கூட்டம் குறைந்ததா?

ஐரோப்பிய யூனியனை விட்டு வந்த பிரிட்டனில் வீடு, வேலை, வியாபாரம் என்ன ஆச்சு?

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் பாஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அமெரிக்காவில் உள்ள பெரிய பாஸ்டன் நகரம் வேறு, இது வேறு. சுற்றிலும் முட்டைகோஸ், காலிபிளவர் வயல்கள்.

2016-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி பிரிட்டன் முழுவதும் ஓட்டெடுப்பு நடந்தது. "ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா?" என்பதுதான் கேள்வி. "வெளியேறு" என்று நாட்டிலேயே அதிக சதவீதம் ஓட்டு விழுந்த இடம் இந்த பாஸ்டன்தான். 100-க்கு 75 பேருக்கு மேல் வெளியேறச் சொன்னார்கள்.

அவ்வளவு கோபம் ஏன்?

2004-ல் போலந்து, லித்துவேனியா உள்பட 10 நாடுகள் யூனியனில் சேர்ந்தன. அந்த நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் பிரிட்டனுக்கு வந்து வேலை பார்க்கலாம் என்று ஆனது. பாஸ்டன் வயல்களுக்கும், காய்கறி பாக்கிங் செய்யும் இடங்களுக்கும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வாடகை வீடு கிடைப்பது கஷ்டமாச்சு. டாக்டரைப் பார்க்க கியூ நீண்டது. "இவங்க வரவை நிறுத்தினா நம்ம பிள்ளைங்களுக்கு வீடும் வேலையும் கிடைக்கும்" என்பதே ஊர்ப் பேச்சு.

முடிவில் 1 கோடியே 74 லட்சம் பேர் "வெளியேறு" என்றார்கள். 1 கோடியே 61 லட்சம் பேர் "இருப்போம்" என்றார்கள். 2020 ஜனவரி 31-ந் தேதி இரவு பிரிட்டன் வெளியே வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு பழைய ஏற்பாடுகளும் முடிந்தன.

நினைத்தது நடந்ததா?

9 லட்சம் பேர்!

முதலில் ஆள் கணக்கு. 2015-ல் பிரிட்டனுக்கு வந்தவர்களில், போனவர்களைக் கழித்தால் மிச்சம் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். "இது ரொம்ப ஜாஸ்தி" என்றுதான் சண்டையே மூண்டது.

2023 ஜூன் மாதத்துடன் முடிந்த 12 மாதத்தில் அதே கணக்கு 9 லட்சத்தைத் தாண்டியது! குறைப்பதற்காக ஓட்டுப் போட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று பங்கு ஆகிவிட்டது.

இது எப்படி? 2021 ஜனவரியில் புது விசா சட்டம் வந்தது. ஐரோப்பியருக்குத் தனிச் சலுகை கிடையாது. எல்லா நாட்டாருக்கும் ஒரே சட்டம். ஐரோப்பியர் வருவது குறைந்தது. பிறகு வந்தவர்களை விடத் திரும்பிப் போனவர்களே அதிகம் ஆனார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு நர்சு வேண்டும். முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் பீஸ் வேண்டும். ஆகவே இந்தியாவில் இருந்தும் நைஜீரியாவில் இருந்தும் வந்தார்கள். உக்ரைன் யுத்தத்தில் தப்பியவர்களும், ஹாங்காங் மக்களும் தனித் திட்டங்களில் வந்தார்கள்.

யூனியனை விட்டு வெளியேறியது நாடு. வேலை எங்கேயும் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே ஆளுக்காகக் காத்திருந்தது!

வயல் வேலையிலும் இதே கதைதான். 2019-ல் 2,500 பேருக்கு என்று சோதனையாகத் தொடங்கிய 6 மாத விசா, 2025-ல் 40 ஆயிரம் பேருக்கு மேல் என்று வளர்ந்தது. போலந்துக்காரர் இருந்த இடத்தில் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆட்கள் காய் பறிக்கிறார்கள். முன்பு வந்தவர் குடும்பத்தோடு தங்கலாம். இப்போது வருபவர் 6 மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டு விலை

ஓட்டெடுப்புக்கு முன் சர்க்காரின் நிதி இலாகா ஒரு மிரட்டல் விட்டது. வெளியேறினால் 2 வருஷத்தில் வீட்டு விலை, ஏற வேண்டிய அளவை விட 10 முதல் 18 சதவீதம் வரை குறைந்து நிற்கும் என்றது. "குறையட்டுமே! நாமளும் ஒரு வீடு வாங்கலாம்" என்று வாடகைக் குடித்தனக்காரர் நினைத்தால் அதில் என்ன தப்பு?

விலை சரியவில்லை. 2016-ல் ஒரு வீட்டின் சராசரி விலை 2 லட்சம் பவுண்டைச் சற்றுத் தாண்டி இருந்தது. 2024-ல் 2 லட்சத்து 60 ஆயிரத்தையும் தாண்டிவிட்டது. ஓட்டெடுப்பு முடிந்ததும் இங்கிலாந்து வங்கி வட்டியைக் குறைத்தது. வட்டி குறைந்தால் கடன் வாங்குபவர் கூடுவார். வீட்டுக்குப் போட்டி ஏறும். வீடோ தேவைக்குத் தக்கபடி கட்டப்படவில்லை.

கட்டுவது யார்? ஓட்டெடுப்புக்கு முந்தைய கணக்குப்படி, லண்டன் கட்டட வேலைக்காரர்களில் 4-ல் ஒருவருக்கு மேல் ஐரோப்பிய யூனியன் நாட்டவர். வீட்டுக்குப் போட்டி போடுகிறார்கள் என்று யாரைத் திட்டினார்களோ, அவர்களில் பலர்தான் செங்கல் அடுக்கிய கொத்தனார்கள்.

வாடகைக்காரர் பாடு இன்னும் மோசம். 2024 மார்ச்சுடன் முடிந்த ஒரு வருஷத்தில் வாடகை 9.2 சதவீதம் ஏறியது. யூனியனை விட்டதுதான் இதற்கு முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்க விலைவாசி ஏறி, 2023-ல் வங்கி வட்டி 5.25 சதவீதம் வரை போனது. வீட்டுக்காரரின் கடன் தவணை கூடியது. ஆள் வரவும் கூடிய நேரம் அது. எல்லாம் சேர்ந்து வாடகைக்காரர் தலையில் இறங்கியது.

இடி அல்ல, கரையான்

பொருளாதாரம்? "உடனே 5 லட்சம் வேலை போய்விடும்" என்று சொன்னவர்கள் தோற்றார்கள். 2019-ல் வேலையில்லாதோர் 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தார்கள். "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல!" என்று வெளியேறச் சொன்னவர்கள் மார்தட்டினார்கள்.

ஆனால் நஷ்டம் இடி மாதிரி விழவில்லை. கரையான் மாதிரி அரித்தது. முன்பு லாரி நேராக பிரான்சுக்குப் போகும். இப்போது சுங்கப் பத்திரம், சோதனை, காத்திருப்பு. பெரிய கம்பெனி சமாளிக்கும். சின்ன வியாபாரி "ஏற்றுமதியே வேண்டாம்" என்று விட்டுவிடுவார். பட்ஜெட்டை ஆராயும் பிரிட்டனின் சுயேச்சை அமைப்பு, நாளடைவில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டுள்ளது. 100 பவுண்டு வர வேண்டிய இடத்தில் 96 பவுண்டு.

2021 செப்டம்பரில் லாரி டிரைவர் பஞ்சம் வந்தது. கொரோனாவும் ஒரு காரணம். ஐரோப்பிய டிரைவர்கள் ஊர் திரும்பியதும் ஒரு காரணம். பெட்ரோல் பங்குகள் வறண்டன. பட்டாளத்துக்காரர்கள் டாங்கர் லாரி ஓட்டினார்கள்!

இங்கே என்ன பாதிப்பு?

சொந்தமாக வியாபார ஒப்பந்தம் போடும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது நிஜம். 2025 ஜூலை 24-ந் தேதி இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பங்களாதேஷ் துணிக்கு வரி இல்லை, திருப்பூர் பனியனுக்கு வரி உண்டு என்ற குறைக்கு இதில் மருந்து இருக்கிறது. திருப்பூருக்கு இது நல்ல சேதி. பிரிட்டனுக்கு? அவர்கள் சர்க்காரின் கணக்குப்படியே, நாளடைவில் 0.13 சதவீதம் லாபம். போனது 4, வருவது அரைக்கால் பங்கு!

வேலைக்குப் போனவர் கதைதான் வேதனை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2022-ல் விசா திறந்தது. 2024 மார்ச்சில் "குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது" என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இடையில் ஊழல் செய்த முதலாளிகளின் லைசென்சைப் பிடுங்கினார்கள். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட லைசென்சு ரத்து. அந்த இடங்களோடு சம்பந்தப்பட்ட தொழிலாளர் 39 ஆயிரம் பேர். முதலாளி செய்த குற்றத்துக்கு ஊழியர் அலைந்தார். 60 நாளில் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். நகையை அடகு வைத்துப் போனவர் எந்த முகத்தோடு திரும்புவார்?

சாக்கு இல்லை

கடைசியில் ஆள் வரவு குறைந்தது. 2025 ஜூனுடன் முடிந்த ஆண்டில் சுமார் 2 லட்சம். குறைத்தது ஓட்டெடுப்பு அல்ல. 2024 முதல் இறுக்கிய விசா விதிகள். வாடகை இறங்கவில்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது.

யூனியனை விட்டதில் பிரிட்டன் பெற்றது கதவின் சாவி. கூடவே ஒன்றை இழந்தது. "எல்லாம் பிரசல்ஸ்காரங்க செய்யறது" என்று சொல்ல முடிந்த சாக்கு அது. கூட்டம் கூடினாலும் குறைந்தாலும், வீடு கட்டினாலும் கட்டாவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியது லண்டன் சர்க்கார்தான்.

பாஸ்டன் மக்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். 2024 பொதுத்தேர்தலில், வெளியேற்றத்தை நடத்திக் காட்டிய கன்சர்வேடிவ் கட்சியைத் தோற்கடித்தார்கள். ஆள் வரவை இன்னும் குறைப்போம் என்ற ரிபார்ம் கட்சியின் ரிச்சர்டு டைஸ் ஜெயித்தார்.

சாவி கைமாறிப் பல வருஷம் ஆகியும் கோபம் தீரவில்லை. காலிபிளவர் வயலில் வேறு நாட்டு ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள். வீடு வாங்க நினைத்த பிள்ளை வாடகை வீட்டிலேயே இருக்கிறான்.