பெட்டியில் ஒட்டிய பெயருக்கா காசு?

பெற்றோர்களே, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தந்தையின் கைப்பேசி ஒன்றையே நம்பிப் பயின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! தந்தை வேலைக்குப் போனால் பாடமும் கூடவே போயிற்று. அதனால் கணினி வாங்க எண்ணுவது நன்றே. ஆனால், ‘பெயர்பெற்ற நிறுவனமே உழைக்கும்’ என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஓடுவது ஏன்?

அத்தகைய பெட்டிகள் பலவற்றில் ‘பவர் சப்ளை’ எனும் மின்வழங்கி அந்நிறுவனத்திற்கே உரிய வடிவினது. உத்தரவாதம் முடிந்தபின் அது பழுதானால் அதே உறுப்பைத் தேடி அலைய வேண்டும். கடையில் உறுப்புகளைப் பொருத்தித் தரும் கணினியோ பெரும்பாலும் 1995-இல் இண்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவைத் தழுவியது; வேறு நிறுவனத்தின் மின்வழங்கியும் பொருந்தும்.

மட்டமான உறுப்பைச் செருகும் கடைக்காரரும் உளர், மறுக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். விண்டோஸ் உரிமத்தின் விலையையும் கணக்கில் சேருங்கள். திருட்டுப் பதிப்பில் பிள்ளைக்கு நன்னெறிப் பாடமா?