விமானம் தப்பிக்குது... பட்டாசு ரூம்?

சிவகாசி:
மதுரைக்கு வரும் விமானத்தை மின்னல் தாக்கினாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அலுமினிய உடம்பின் மேலேயே ஓடி, வால் அல்லது இறக்கை நுனி வழியே வெளியேறி விடும். ஆனால் 1963-ல் அமெரிக்காவின் எல்க்டன் அருகே, மின்னலில் எரிபொருள் ஆவி வெடித்து பான் ஆம் விமானத்தில் இருந்த 81 பேரும் பலியானார்கள். டேங்க் பாதுகாப்பு இறுகியது அதன் பிறகுதான்.

பட்டாசு ரூமுக்கு ஏது அலுமினிய உடம்பு? இடிதாங்கிதான் கவசம். எர்த் கம்பி அறுந்திருந்தால் அதுவும் வெறும் கம்பிதான்.

இடி இடித்தால் வேலையை நிறுத்தி ஆட்கள் வெளியேற வேண்டும் என்கிறது 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதி. ஆனா பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கு, தீபாவளி ஆர்டர் நெருக்கும் புரட்டாசி இடிமழையில் அரை நாள் வெளியே நின்றால் அரை நாள் கூலி போச்சு. அந்தக் கூலியைப் பற்றி விதி பேசவில்லை.